ஆயிரம் தடவை ஓட்டினோம்... நிஜமாவா?



போன செமஸ்டர் எங்கள் மினி ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஒரு வரி இருந்தது: "தரவை 1000 முறை வெவ்வேறு விதமாகப் பிரித்து மாடலைச் சோதித்தோம்." படிக்க நல்லாத்தான் இருந்தது. ஆனால் அது பொய். வேண்டுமென்றே சொன்னது இல்லை, எங்களுக்கே தெரியாமல் சொன்னது. உண்மையில் நடந்தது 250 சோதனை. மிச்சம் 750-ம் அதே சோதனைகளோட ஜெராக்ஸ் காப்பி.

காரணம், பேரலல் ப்ராசஸிங். அதாவது, கம்ப்யூட்டரில் இருக்கிற எல்லா கோரையும் இழுத்து வந்து ஒரே நேரத்தில் பல வேலை பார்க்க வைப்பது. "உன் லேப்டாப்ல எட்டு கோர் இருக்கு, நீ ஒண்ணைத்தான் யூஸ் பண்றே" என்று உசுப்பேற்றும் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நானும் பார்த்தேன், செய்தேன், மாட்டினேன்.

பேரலல் ஆக்குவதற்கு ஒரு வரி போதும், அதை யார் வேண்டுமானாலும் அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆக்கிய பிறகும் விடை சரிதானா என்று பார்க்கிற பழக்கம் நம்மிடம் இல்லை. லேபில் யாரும் கேட்பதில்லை, நாமும் கேட்டுக்கொள்வதில்லை. என் வருத்தம் அதுதான். எங்கள் கதையைச் சொன்னால் உங்களுக்கும் புரியும்.

முதலில் எல்-அப்ளை

நான் பேசுவது ஆர் மொழியைப் பற்றி. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் இருவரும் தொடங்கிய மொழி. அதன் 1.0.0 பதிப்பு 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 29 அன்று வெளிவந்தது. புள்ளியியல் வேலைக்கென்றே பிறந்தது. பைத்தான் ஆட்கள் பக்கத்தைத் தள்ளிவிட வேண்டாம். இங்கே இருக்கிற குழி அங்கேயும் இருக்கு.

ஒரு லிஸ்ட்டில் உள்ள ஒவ்வொன்றின் மேலும் ஒரே ஃபங்ஷனை ஓட்ட ஆரில் 'எல்-அப்ளை' இருக்கிறது. பத்து ஹாஸ்டல் பிளாக்கின் மின்சார ரீடிங் பத்து டேபிளாக ஒரு லிஸ்ட்டில் இருக்கிறது என்று வையுங்கள். அந்த லிஸ்ட்டையும், ஒரு டேபிளுக்குச் சராசரி கண்டுபிடிக்கிற ஃபங்ஷனையும் கொடுத்தால், பத்து விடைகள் ஒரு லிஸ்ட்டாகத் திரும்பி வரும்.

ஃபார் லூப்பிலும் இதைச் செய்யலாம்தான். ஆனால் லூப்பில் மூன்றாவது சுற்று, இரண்டாவது சுற்றின் விடையைத் தொட்டுக்கொண்டு நடக்கலாம். எல்-அப்ளைக்கென்று ஃபங்ஷன் எழுதும்போது ஒவ்வொரு உறுப்பையும் தனியாக நினைத்து எழுதிப் பழகுகிறோம். ஏழாவது பிளாக்கை முதலில் செய்தாலும் விடை மாறாது. வரிசை முக்கியம் இல்லை என்றால், நாலு பேர் பிரித்துக்கொண்டும் செய்யலாம். பேரலலின் அடிப்படையே இவ்வளவுதான்.

இப்படி ஒன்றையொன்று சாராத வேலைகளுக்கு ஆங்கிலத்தில் 'எம்பேரஸிங்லி பேரலல்' என்று பெயர். சொல்லவே கூச்சப்படும் அளவுக்குச் சுலபமாகப் பிரிக்கலாம் என்று அர்த்தம். பெயரிலேயே சுலபம் என்று இருந்ததால்தான் நாங்களும் அசந்துவிட்டோம்.

கல்யாண வீட்டுச் சமையல்கட்டு

2011-ல் வந்த 2.14.0 பதிப்பிலிருந்து 'பேரலல்' என்ற பேக்கேஜ் ஆரோடு சேர்ந்தே வருகிறது. தனியாக இன்ஸ்டால் பண்ண வேண்டாம். அதற்கு முன் 'மல்ட்டிகோர்', 'ஸ்நோ' என்று இரண்டு பேக்கேஜ்கள் தனித்தனியாக இருந்தன. இரண்டையும் அடிப்படையாக வைத்து இதை உருவாக்கினார்கள். அதனால்தான் இதற்குள் இன்றும் இரண்டு வழிகள்.

கல்யாண வீட்டில் காய் நறுக்க ஆள் பத்தவில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வழி 'எம்சி-எல்-அப்ளை'. ஓடிக்கொண்டிருக்கும் ஆர், ஃபோர்க் முறையில் தன்னைப் போலவே சில பிரதிகளை உண்டாக்கும். ஏற்கெனவே சமையல்கட்டில் நிற்கிற ஆளையே நாலாக்கின மாதிரி. கத்தி எங்கே, காய் எங்கே என்று எல்லாருக்கும் தெரியும். தரவை எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. யாராவது அதில் கை வைத்து மாற்றினால் மட்டும் அந்தப் பகுதி ரேமில் காப்பி ஆகும். எல்-அப்ளை என்று இருக்கும் இடத்தில் எம்சி-எல்-அப்ளை என்று போட்டு, எத்தனை கோர் என்று சொன்னால் முடிந்தது. லினக்ஸிலும் மேக்கிலும் ஓடும். விண்டோஸில் ஃபோர்க் கிடையாது, அதனால் ஒன்றுக்கு மேல் கோர் கேட்டால் எர்ரர் அடிக்கும்.

இரண்டாவது வழி 'பார்-எல்-அப்ளை'. இது வெளியிலிருந்து புது ஆட்களைக் கூப்பிடுவது. 'மேக்-கிளஸ்டர்' என்று சொன்னால், தரவும் லைப்ரரியும் எதுவும் இல்லாத வெறும் ஆர் ப்ராசஸ்கள் புதிதாகத் தொடங்கும். 'கிளஸ்டர்-எக்ஸ்போர்ட்' வழியாக நாம்தான் தரவை அனுப்பணும். லைப்ரரியை ஒவ்வொருவரிடமும் லோடு பண்ணச் சொல்லணும். முடிந்ததும் 'ஸ்டாப்-கிளஸ்டர்' சொல்லி அனுப்பி வைக்கணும். விண்டோஸிலும் ஓடும் என்பது இதன் நல்ல குணம். ஆளுக்கு ஒரு காப்பி தரவு வேண்டும் என்பது கெட்ட குணம். 1 ஜிபி டேபிளை எட்டு பேருக்கு அனுப்பினால் 8 ஜிபி அதிலேயே போச்சு. நம்ம 8 ஜிபி ரேம் லேப்டாப் ஃபேன் சத்தத்தோடு உறைந்து நிற்பது அந்த நேரத்தில்தான்.

எங்கள் டீமில் மூணு பேரும் விண்டோஸ். அதனால் இரண்டாவது வழி.

33 நிமிஷத்திலிருந்து 9 நிமிஷம்

வெயில், கிழமை, ஹாஸ்டலில் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றை வைத்து ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் மின்சாரம் ஓடும் என்று கணிப்பதுதான் எங்கள் ப்ராஜெக்ட். ரேண்டம் ஃபாரஸ்ட் உட்பட சில மாடல்களை ஒப்பிட்டோம். தரவைக் குலுக்கி, 80 சதவீதத்தில் பயிற்சி, 20 சதவீதத்தில் சோதனை. ஒரு குலுக்கலை மட்டும் நம்ப முடியாது என்பதால் 1000 குலுக்கல். அதில் வரும் 1000 பிழை அளவுகளின் சராசரியும், அந்தச் சராசரியை எவ்வளவு நம்பலாம் என்று காட்டும் எர்ரர் பாரும் ரிப்போர்ட்டில் போகும்.

ரேண்டம் ஃபாரஸ்ட்டில் ஒரு குலுக்கலுக்கு ஏறத்தாழ 2 விநாடி. ஆயிரத்துக்கு 33 நிமிஷம். ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் அவ்வளவு நேரம் யார் உட்கார்ந்திருப்பது? நாலு ப்ராசஸ் வைத்து பார்-எல்-அப்ளை போட்டோம். 9 நிமிஷம் சொச்சத்தில் முடிந்தது. அன்றைக்கு எங்கள் ரூமில் ஒரே கொண்டாட்டம்.

முதல் ரிவியூவில் கைடு மேம் ஒரே கேள்விதான் கேட்டார். "ரெண்டு தடவை ஓட்டினா ரெண்டு விடை வருதேப்பா, எதை ரிப்போர்ட்ல போடப் போறீங்க?"

எங்களுக்குக் குழப்பம். ப்ரோக்ராமின் முதல் வரியிலேயே 'செட்-சீட்' 42 என்று போட்டிருந்தோமே! கம்ப்யூட்டர் தரும் ரேண்டம் எண்கள், சீட் என்கிற விதை எண்ணிலிருந்து கணக்குப் போட்டு வரும் வரிசைதான். விதை ஒன்று என்றால் வரிசையும் ஒன்று. ஆனால் நாங்கள் விதை கொடுத்தது மெயின் ப்ராசஸுக்கு. வேலை பார்த்த நாலு பேருக்கும் அது தெரியவே தெரியாது. அவர்கள் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கி, புதிதாக ஆளுக்கொரு விதை எடுத்துக்கொண்டார்கள்.

"அப்போ நாலு பேர்கிட்டயும் செட்-சீட் சொல்லிடுவோம்டா" என்றான் டீமில் ஒருத்தன். அந்த வரியை டைப் பண்ணினது நான். நாலு ப்ராசஸிலும் 42. இப்போது எத்தனை தடவை ஓட்டினாலும் அதே விடை. மேமிடம் காட்டினோம், ஓகே ஆச்சு.

இங்கே கொஞ்சம் நிறுத்தி நீங்களே யோசித்துப் பாருங்கள். என்ன தப்பு?

நாலு பேருக்கும் ஒரே விதை. அதனால் நாலு பேரிடமும் ஒரே ரேண்டம் வரிசை. தரவும் ஒன்று. பார்-எல்-அப்ளை 1000 வேலையை ஆளுக்கு 250 என்று பிரித்துக் கொடுத்தது. முதல் ஆள் செய்த 250 குலுக்கலையே மற்ற மூணு பேரும் அச்சு அசலாகத் திரும்பச் செய்தார்கள்.

இரண்டாவது ரிவியூவுக்கு முந்தின ராத்திரி, எந்தக் குலுக்கலில் பிழை அதிகம் என்று பார்க்க விடைகளை வரிசைப்படுத்தினேன். முதல் நாலு எண்ணும் கடைசி தசமம் வரைக்கும் ஒன்றே. அடுத்த நாலும் அப்படியே. வயிற்றைக் கலக்கியது. 'யுனீக்' போட்டு எண்ணினேன். 250.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கலாம். எர்ரர் பாரைக் கணக்கிட, விடைகளின் பரவலை 1000-ன் வர்க்கமூலத்தால் வகுத்திருந்தோம். 250-ன் வர்க்கமூலத்தால் வகுத்திருக்கணும். அதாவது நாங்கள் வரைந்த எர்ரர் பார், இருக்க வேண்டிய நீளத்தில் பாதி. எங்களுக்கு இருந்த உரிமையைவிட ரெண்டு மடங்கு நிச்சயமாகப் பேசியிருக்கிறோம். "இந்த மாடல் அந்த மாடலைவிடத் தெளிவாக நல்லது" என்று எழுதிய இடமெல்லாம் அந்தப் பாதி எர்ரர் பாரை நம்பித்தான்.

"யாருக்கு மச்சான் தெரியப்போகுது? ஆவரேஜ் பெருசா மாறாது, விடு" என்று ஒரு பேச்சு வந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்த எண்ணம் வந்தது. மணி ஒன்றரை. காலையில் ரிவியூ. ஆனால் திரும்ப ஓட்ட 9 நிமிஷம்தானே! அதுக்குத்தானே பேரலல் ஆக்கினோம். சரிசெய்து ஓட்டினோம். புதிய சராசரி, நாங்கள் முன்பு வரைந்த எர்ரர் பாரைத் தாண்டிப் போய் நின்றது. முதலிடம், இரண்டாமிடம் என்று சொல்லியிருந்த ரெண்டு மாடலுக்கும் நடுவில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. ரிப்போர்ட்டின் முக்கியமான முடிவே அதுதான்.

காலையில் மேமிடம் அப்படியே சொன்னோம். திட்டு விழும் என்று நினைத்தோம். "நடந்ததையும் ஒரு பாரா எழுதிச் சேருங்க" என்றார். அவ்வளவுதான்.

சரியான வழி

பார்-எல்-அப்ளை போடுகிறீர்கள் என்றால், ஆளாளுக்கு செட்-சீட் சொல்லாதீர்கள். 'கிளஸ்டர்-செட்-ஆர்என்ஜி-ஸ்ட்ரீம்' என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. ஒரே ஒரு விதை கொடுத்தால், அது ஒவ்வொரு ஆளுக்கும் தனி வரிசை ஒதுக்கித் தரும். பியர் லெக்குயே என்பவர் வகுத்த ஜெனரேட்டர்தான் உள்ளே வேலை செய்கிறது. ஒருத்தர் வரிசைக்கும் அடுத்தவர் வரிசைக்கும் நடுவே 2-ன் 127-ஆம் அடுக்கு அளவு எண்கள் இடைவெளி. நம் ஆயுளில் ஒருவர் வரிசை இன்னொருவர் வரிசையில் போய் முட்டாது.

எம்சி-எல்-அப்ளை என்றால், முதலில் 'ஆர்என்ஜி-கைண்ட்' வழியாக அதே லெக்குயே ஜெனரேட்டருக்கு மாறி, அப்புறம் செட்-சீட் போடணும். இன்னொரு வழி, ஹென்ரிக் பெங்ட்சனின் 'ஃபியூச்சர்-அப்ளை' பேக்கேஜ். அதில் சீட் ஆப்ஷனை ஆன் செய்தால் ஆளுக்கு ஒன்று என்றில்லாமல், லிஸ்ட்டின் ஒவ்வொரு உறுப்புக்கும் தனி வரிசை கிடைக்கும். நாலு கோரில் ஓட்டினாலும் எட்டு கோரில் ஓட்டினாலும் விடை ஒன்றே. டீமில் ஒவ்வொருத்தர் லேப்டாப்பும் ஒவ்வொரு மாதிரி இருக்கும் நமக்கு இது ரொம்ப உதவும்.

பேரலல் ஆக்கும் முன் மூணு கேள்வி

ஒன்று, வேலைகள் நிஜமாகவே தனித்தனியா? இன்றைய கணக்கு நேற்றைய விடையை எதிர்பார்த்து நிற்கிறது என்றால், எத்தனை கோர் இருந்தும் பிரயோஜனம் இல்லை. காயை எட்டு பேர் நறுக்கலாம். சாம்பார் கொதிப்பதை எட்டு பேராகப் பங்கு போட முடியாது.

இரண்டு, ஒவ்வொரு வேலையும் போதுமான அளவு கனமா? ஒரு லட்சம் எண்களுக்கு வர்க்கமூலம் காண நாலு ப்ராசஸ் கூப்பிட்டால், எண்களை அனுப்பி வாங்குவதற்கே நேரம் போய்விடும். ஆரில் மொத்த வெக்டரையும் வர்க்கமூல ஃபங்ஷனில் ஒரே தடவையில் கொடுத்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும். ரெண்டு வெங்காயம் நறுக்க நாலு ஆளுக்கு ஆட்டோ அனுப்புவீர்களா?

இதோடு ஜீன் ஆம்டால் 1967-ல் முன்வைத்த வாதத்தையும் நினைவில் வையுங்கள். ப்ரோக்ராமின் 90 சதவீதத்தை மட்டும் பிரிக்க முடியும், ஃபைல் படிப்பது, விடைகளைச் சேர்ப்பது என்று மீதி 10 சதவீதம் ஒருவர் மட்டுமே செய்யணும் என்று வையுங்கள். 4 கோரில் வேகம் 3.1 மடங்குதான் கூடும். 8 கோரில் 4.7 மடங்கு. ஆயிரம் கோர் வாங்கிப் போட்டாலும் 10 மடங்கைத் தாண்டாது. அதனால் முதலில் 'சிஸ்டம்-டைம்' போட்டு, நேரம் எங்கே போகுதுன்னு பாருங்க. பல நேரம் ஃபைல் படிக்கிற வரியை மாற்றினாலே வேலை முடிந்துவிடும்.

மூன்று, விடையை எப்படிச் சரிபார்ப்பீர்கள்? நான் இப்போது செய்வது இது. 20 உறுப்பு உள்ள ஒரு குட்டி லிஸ்ட் எடுப்பேன். ரேண்டம் எதுவும் இல்லாத வேலை என்றால், சாதாரண எல்-அப்ளை விடையும் பேரலல் விடையும் அப்படியே ஒத்துப்போகணும். ரேண்டம் உண்டு என்றால் ரெண்டு சோதனை: திரும்ப ஓட்டினால் அதே விடைகள் வருதா? அந்த விடைகள் தங்களுக்குள் வேறு வேறா இருக்கா? நாங்கள் முதல் சோதனையோடு நிறுத்திக்கொண்டோம். ரெண்டாவதை விட்டதுதான் 250.

எம்சி-எல்-அப்ளை போடுபவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. உள்ளே ஒரு வேலை எர்ரர் ஆனாலும் அது நிற்காது. ஒரு வார்னிங் மட்டும் காட்டிவிட்டு, விடை இருக்க வேண்டிய இடத்தில் எர்ரர் பொருளை வைத்துத் திருப்பித் தரும். ரேம் பத்தாமல் ஒரு ப்ராசஸ் செத்துப்போனால் அந்த இடங்களில் வெறும் நல் இருக்கும். வார்னிங்கைப் படிக்காத நம் பழக்கத்துக்கு இது பொல்லாத ஆபத்து. எத்தனை விடை உண்மையில் வந்தது என்று எண்ணிவிட்டுச் சராசரி எடுங்கள்.

"கம்பெனில இதெல்லாம் யார் பார்க்கிறா?"

இதை எழுதப்போகிறேன் என்றதும் ஒரு சீனியர் சொன்னார்: "தம்பி, வேலைக்குப் போனா கிளவுட்ல 64 கோர் மெஷின் எடுத்துக் கொடுப்பாங்க. இதெல்லாம் அங்க பிரச்சினையே இல்ல."

பிரச்சினை அங்கேதான் பெரிதாகும். எங்கள் தப்பை 64 கோரில் செய்திருந்தால், ஆயிரம் சோதனை என்று நாங்கள் சொல்லியிருப்போம். நடந்திருப்பது வெறும் 16 சோதனை. வேகம் கூடக்கூட தப்பும் கூடும், யாரும் கவனிக்காமலே. எங்கள் தப்பால் கெட்டது ஒரு ஹாஸ்டல் கரண்ட் கணக்கு. மருந்து வேலை செய்யுதா, பாலம் தாங்குமா என்று பார்க்கிற இடத்தில் இதே வரியை யாராவது டைப் பண்ணினால்?

இன்னொரு பக்கம், "அப்போ பேரலலே வேண்டாம், ஒரே கோர்ல நிம்மதியா ஓட்டிக்கிறேன்" என்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. அன்று ராத்திரி எங்களைக் காப்பாற்றியதும் அந்த 9 நிமிஷம்தான். 33 நிமிஷம் என்றிருந்தால், ஒன்றரை மணிக்கு "விடு மச்சான்" என்றுதான் படுத்திருப்போம். வேகம் இருந்தால் திரும்பச் சரிபார்க்க மனசு வரும்.

கடைசியாக ஒரு மரியாதை விஷயம். பொது சர்வரில் வேலை செய்பவர்கள், 'டிடெக்ட்-கோர்ஸ்' சொல்கிற எண்ணை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். அது மெஷினில் எத்தனை கோர் இருக்கு என்று சொல்லும், உங்களுக்கு எத்தனை உரிமை என்று சொல்லாது. அந்த எண்ணை நேரடியாகப் பயன்படுத்த வேண்டாம் என்று அதன் உதவிப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. பந்தியில் எல்லா இலையிலும் துண்டு போட்டு ஒருத்தரே இடம் பிடித்தால் எப்படி இருக்கும்? சொந்த லேப்டாப்பிலும் ஒரு கோரை விட்டுவையுங்கள், மவுஸாவது நகரட்டும்.

ஒரு கோரிக்கை

லேப் ரெக்கார்டில் நாம் அவுட்புட் ஸ்கிரீன்ஷாட் ஒட்டுகிறோம். அதற்குக் கீழே மூணே வரி சேர்க்கச் சொல்லி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு கோரில் எவ்வளவு நேரம், பல கோரில் எவ்வளவு நேரம்? விதை எப்படிக் கொடுக்கப்பட்டது? விடைகளில் எத்தனை வேறு வேறு? மாணவர்கள் யாரும் சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம், நாமே எழுத ஆரம்பிக்கலாம்.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் ப்ராஜெக்ட் ஃபோல்டரைத் திறங்கள். பேரலலாக ஓட்டி எடுத்த ரிசல்ட் ஏதாவது இருந்தால் அதில் 'யுனீக்' போட்டு எண்ணிப் பாருங்கள். ரிப்போர்ட்டில் எழுதிய எண்ணே வந்தால் சந்தோஷம். வராவிட்டால், இன்னும் ரிவியூவுக்கு நேரம் இருக்கிறது.